தகரத்திலும் துணியிலும் எழுதப்பட்ட வரலாறு



அமெரிக்காவில் மயாமி பக்கம் குடியிருக்கும் நம் பள்ளி மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். கருப்பு இரும்புத் தகட்டில் வெட்டிய சுவர் அலங்காரம். நடுவில் ஒரு மரம், கிளைகளில் பறவைகள், அடியில் பாதி மீனும் பாதி பெண்ணுமாக ஓர் உருவம். "சார், இங்கே மே மாதம் ஹைட்டி மரபு மாதம் என்று கொண்டாடுகிறார்கள். அந்த விழாவில் வாங்கினேன். இதற்கு ஏதாவது கதை உண்டா?" என்று கேட்டிருந்தார்.

கதை உண்டு. இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போயிற்று. உங்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

உலக வரைபடத்தில் கியூபாவைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கிழக்கே அடுத்த பெரிய தீவு ஹிஸ்பானியோலா. அதன் மேற்கு மூன்றில் ஒரு பங்கு ஹைட்டி, மற்றது டொமினிக்கன் குடியரசு. 1492 டிசம்பரில் கொலம்பஸ் இந்தத் தீவில்தான் இறங்கினார். அங்கே வாழ்ந்தவர்கள் தைனோ மக்கள். ஸ்பானியரின் கொடுமையாலும் அவர்கள் கொண்டுவந்த நோய்களாலும் சில பத்தாண்டுகளுக்குள் அந்த மக்கள் ஏறக்குறைய அழிந்துபோனார்கள். அவர்கள் மொழியில் ஹைட்டி என்றால் மலைநாடு. பெயர் மட்டும் பிழைத்தது.

1697இல் மேற்குப் பகுதி பிரான்சின் கைக்குப் போனது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் சான்-தொமேங். கரும்பும் காபியும் பயிரிட ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்துக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். 1789இல், அதாவது பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டில், அங்கே ஏறக்குறைய 5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். உலகச் சந்தைக்கு வந்த காபியில் சுமார் பாதி அந்தச் சிறிய நிலத்திலிருந்து போனது. சர்க்கரையும் அப்படித்தான். பாரிஸில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கியவர்கள் குடித்த காபியை விளைவித்தவர்களுக்கு அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். துஸ்ஸான் லூவர்துர் என்ற முன்னாள் அடிமை அவர்களின் தளபதியாக உயர்ந்தார். நெப்போலியன் பெரும்படை அனுப்பினார். பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்து துஸ்ஸானைப் பிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுபோய்க் குளிர்மலைக் கோட்டை ஒன்றில் அடைத்தார்கள். 1803 ஏப்ரலில் அவர் அங்கேயே இறந்தார். ஆனால் போர் நிற்கவில்லை. தெஸ்ஸலின் தலைமையில் அதே ஆண்டு நவம்பர் 18இல் வெர்த்தியேர் என்ற இடத்தில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார்கள். 1804 ஜனவரி 1இல் ஹைட்டி விடுதலை அறிவித்தது. அடிமைகளே எழுந்து போரிட்டு ஒரு நாட்டை அமைத்தது உலக வரலாற்றில் இந்த ஒரு முறைதான்.

அந்த மே மாதக் கொண்டாட்டத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மே 18 ஹைட்டியின் கொடிநாள். 1803இல் அந்த நாளில் தெஸ்ஸலின் பிரான்சின் மூவண்ணக் கொடியை எடுத்து நடுவில் இருந்த வெள்ளையைக் கிழித்தெறிந்தார், மிஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் கத்தரின் ஃபுளோன் என்ற பெண் சேர்த்துத் தைத்தார் என்று ஹைட்டி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஊசியும் நூலும் கொண்டு செய்த அந்தக் கொடியிலிருந்தே அந்த நாட்டின் கலை வரலாற்றைத் தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

விடுதலை கிடைத்ததும் நிம்மதி வந்ததா? இல்லை. அடிமைகள் ஆளும் நாட்டை மற்ற நாடுகள் நாடாகவே மதிக்க மறுத்தன. அமெரிக்கா அங்கீகரிக்க 1862 ஆனது. பிரான்ஸ் 1825இல் போர்க்கப்பல்களைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டு ஒரு நிபந்தனை வைத்தது. அடிமைகளையும் தோட்டங்களையும் இழந்த பிரெஞ்சு முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்க் நஷ்ட ஈடு கொடுத்தால்தான் அங்கீகாரம் என்றது. அடிமையாக இருந்தவன் தன்னை அடிமைப்படுத்தியவனுக்கு நஷ்ட ஈடு கட்ட வேண்டும்! 1838இல் அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்டக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு மீண்டும் கடன் என்று அந்தச் சுமை 1947 வரை தொடர்ந்தது. "மேற்கு அரைக்கோளத்தின் மிக ஏழை நாடு" என்று செய்திகளில் ஹைட்டிக்கு அடைமொழி போடுகிறார்கள் அல்லவா? அந்த ஏழ்மைக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

இனி ஓவியத்துக்கு வருவோம்.

குயோம் கியோன்-லெத்தியேர் என்று ஓர் ஓவியர். இன்னொரு பிரெஞ்சுக் குடியேற்றமான குவாதலூப் தீவில், வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் அடிமைத் தாய்க்கும் பிறந்தவர். பாரிஸுக்குப் போய்ப் புகழ்பெற்றவர். பிரான்ஸ் ஹைட்டியை அங்கீகரிக்காத 1822இல் அவர் 'முன்னோரின் உறுதிமொழி' என்ற பெரிய ஓவியத்தைத் தீட்டினார். கறுப்பினத் தலைவர் தெஸ்ஸலினும் கலப்பினத் தலைவர் பெத்தியோனும் கைகோத்துச் சபதம் செய்கிறார்கள். காலடியில் அறுந்த சங்கிலிகள், மேலே வானத்தில் கடவுள். கையெழுத்திடும் இடத்தில் தன் பெயரோடு குவாதலூப்பில் பிறந்தவன் என்பதையும் சேர்த்து எழுதினார். பிறகு அதை ரகசியமாக ஹைட்டிக்கு அனுப்பிவைத்தார், அந்த நாட்டுக்குத் தன் பரிசாக.

அந்த ஓவியத்தை உலகம் மறந்தே போயிற்று. 1991இல் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பேராலயத்தில் சிதைந்த நிலையில் கண்டெடுத்தார்கள். பிரான்சில் சீர்செய்து திரும்பக் கொண்டுவந்தார்கள். 2010 நிலநடுக்கத்தில் அதிபர் மாளிகை இடிந்தபோது அதற்குள் மாட்டிக்கொண்டது. இடிபாட்டிலிருந்து எடுத்து மறுபடியும் சீர்செய்தார்கள். ஹைட்டியின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

அரண்மனை ஓவியங்கள் ஒரு பக்கம். சாதாரண மக்களின் கலை எங்கே இருந்தது? வழிபாட்டில் இருந்தது.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கர் ஆக்கினார்கள். அவர்கள் தங்கள் தெய்வங்களை விட்டுவிடவில்லை. புனிதர்களின் படங்களுக்குள் அந்தத் தெய்வங்களை வைத்துக்கொண்டார்கள். காலடியில் பாம்புகளோடு நிற்கும் புனித பேட்ரிக் அவர்களுக்குப் பாம்புத் தெய்வம் தம்பாலா. குதிரைமேல் வாளோடு வரும் புனித ஜேம்ஸ், இரும்புக்கும் போருக்கும் உரிய ஓகூ. கன்னத்தில் தழும்போடு இருக்கும் போலந்து நாட்டுக் கறுப்பு மாதா, பிள்ளைகளைக் காக்கும் எஸிலி தாந்தோர். போலந்து மாதா எப்படி அங்கே போனாள் என்று கேட்பீர்கள். நெப்போலியன் அனுப்பிய படையில் போலந்து வீரர்கள் இருந்தார்கள், அவர்கள் வழியாக வந்திருக்கலாம் என்கிறார்கள்.

இந்த நம்பிக்கைக்கு வோடூ என்று பெயர். ஆங்கிலப் படங்கள் பொம்மையில் ஊசி குத்தும் மாந்திரீகமாகக் காட்டுவது இதைத்தான். உண்மையில் அது முன்னோரையும் தெய்வங்களையும் வணங்கும் மக்கள் சமயம். சடங்கின்போது சோள மாவை விரல்களுக்கிடையே ஒழுகவிட்டு, நாம் வாசலில் கோலம் போடுவதுபோலவே, தரையில் சித்திரம் வரைவார்கள். அதற்கு வெவே என்று பெயர். ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு வடிவம். எஸிலிக்கு இதயம், கடல் தெய்வம் அக்வேக்குப் படகு. பள்ளிக்கூடம் பார்க்காத மக்கள் தங்கள் சமயத்தைத் தரையில் எழுதிக் காப்பாற்றிய எழுத்து அது.

1941, 1942ஆம் ஆண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபை, அரசின் துணையோடு, மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரில் ஓர் இயக்கம் நடத்தியது. வோடூ கோயில்களை இடித்தார்கள். முரசுகளையும் வழிபாட்டுப் பொருள்களையும் குவித்துத் தீ வைத்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள், 1944 மே மாதம், போர்ட்-ஓ-பிரின்ஸில் கலை மையம் ஒன்று திறக்கப்பட்டது. தொடங்கியவர் டிவிட் பீட்டர்ஸ். அமெரிக்கர், நீர்வண்ண ஓவியர், அங்கே ஆங்கிலம் கற்பிக்க வந்த ஆசிரியர். அல்பேர் மங்கோனேஸ் போன்ற ஹைட்டி அறிஞர்கள் பலரும் கூட நின்றார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல நூல்கள் பீட்டர்ஸ் ஹைட்டிக் கலையைக் "கண்டுபிடித்தார்" என்று எழுதுகின்றன. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்த மாதிரிதான் இதுவும்! வடக்கே காப்-ஹைசியன் நகரத்து பிலோமே ஒபேன் 1892இல் பிறந்தவர். இளவயதிலிருந்தே வரைந்துகொண்டிருந்தவர். மையம் திறந்த செய்தி கேட்டு, தானே ஓர் ஓவியத்தை அனுப்பினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பீட்டர்ஸ் செய்தது வாங்கியது, காட்சிக்கு வைத்தது, வண்ணமும் பலகையும் கொடுத்தது. ஓர் ஆசிரியர் செய்யக்கூடியது அவ்வளவுதான். அது சின்ன வேலை இல்லை. ஆனால் திறமை நாம் கொடுத்தது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. உங்களில் பலர் முன்னுக்கு வந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கும் இதுதான் தோன்றும்.

ஹெக்டர் ஹிப்போலிட் கதை இன்னும் சுவையானது. அவர் வோடூ பூசாரி. மோன்ருயி என்ற ஊரில் ஒரு மதுக்கடைக் கதவில் அவர் வரைந்திருந்த பூக்களையும் பறவைகளையும் பீட்டர்ஸ் வழியில் பார்த்தார். பிறகு ஆளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். தூரிகையோடு கோழி இறகையும் விரலையும் பயன்படுத்தி, மரச்சாமான்களுக்கு அடிக்கும் பெயிண்டால் ஓவியம் தீட்டியவர் அவர். 1945 டிசம்பரில் ஹைட்டிக்கு வந்த பிரெஞ்சுக் கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் அவற்றைப் பார்த்து வியந்து சிலவற்றை விலைக்கு வாங்கினார். 1947இல் பாரிஸில் யுனெஸ்கோ நடத்திய கண்காட்சியில் ஹிப்போலிட்டின் ஓவியம் இடம்பெற்றது. 1948இல் அவர் இறந்துவிட்டார். மூன்றே ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான ஓவியங்கள். ஆறேழு ஆண்டுகளுக்கு முன் எந்தத் தெய்வங்களைத் தீயில் போட்டார்களோ, அதே தெய்வங்களைத்தான் அவர் பலகைகளில் உட்கார வைத்தார்.

இப்போது இரண்டு படங்களைச் சொல்கிறேன். ஒன்று புகைப்படம், மற்றது ஓவியம்.

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹைட்டியை ஆக்கிரமித்திருந்தது. சாலை போட மக்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துச் சென்றார்கள். எதிர்த்து எழுந்தவர்களின் தலைவர் சார்லமேன் பெரால்த். 1919இல் அவருடைய ஆட்களில் ஒருவன் காட்டிக்கொடுக்க, முகத்தில் கரி பூசிக்கொண்ட அமெரிக்க வீரர்கள் முகாமுக்குள் நுழைந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடலை ஒரு கதவோடு சேர்த்துக் கட்டி நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். உங்கள் தலைவன் செத்துவிட்டான், அடங்கிப்போங்கள் என்று மிரட்டுவதற்காக அதை நாடெங்கும் பரப்பினார்கள்.

நடந்தது வேறு. கதவில் சாய்ந்த உடல், இடுப்பில் மட்டும் துணி, தலைக்குப் பின்னால் கொடி. பார்த்தவர்களுக்குச் சிலுவையில் அறையப்பட்ட இயேசு நினைவுக்கு வந்தார். மிரட்டுவதற்கு எடுத்த படம் வணங்குவதற்கு உரிய படமாகிவிட்டது. ஆக்கிரமிப்பு முடிந்தபின் 1935இல் காப்-ஹைசியனில் பெரால்த்துக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. நம் பிலோமே ஒபேன் அந்த ஊர்க்காரர். அவர் பிற்காலத்தில் அந்தப் புகைப்படத்தையே ஓவியமாகத் தீட்டினார். பெயர் 'விடுதலைக்காகச் சிலுவையில் அறையப்பட்ட சார்லமேன் பெரால்த்'. புகைப்படத்தில் இல்லாத ஒருவரை அவர் பக்கத்தில் நிறுத்தினார். துக்க உடையில் பெரால்த்தின் தாய்.

பகைவன் எடுத்த புகைப்படத்தில் இருந்தது ஒரு பிணம். ஒபேனின் ஓவியத்தில் இருப்பது ஒரு தாயின் மகன். இத்தகைய ஓவியங்களுக்கு விமரிசகர்கள் கொடுத்த பெயர் "வெகுளிக் கலை". இலக்கணம் கற்காதவர்கள், குழந்தைகள்போல் வரைகிறார்கள் என்பது பொருள். சொல்லுங்கள், இதில் வெகுளித்தனம் எங்கே இருக்கிறது?

இனி அந்த இரும்புத் தகட்டுக்கு வருகிறேன்.

தலைநகருக்குப் பக்கத்தில் குவா-தே-பூக்கே என்று ஓர் ஊர். அங்கே ஜார்ஜ் லியோத்தோ என்ற கொல்லர் இருந்தார். முன்பு ரயில் பாதைகளில் பழுதுபார்க்கும் வேலை செய்தவர். ஊர்க் கல்லறைகளுக்கு இரும்புச் சிலுவைகள் செய்து தருவார். 1953இல் அந்தச் சிலுவைகளின் வேலைப்பாட்டைப் பார்த்த பீட்டர்ஸ், வேறு உருவங்களும் செய்யச் சொல்லி ஊக்கப்படுத்தினார். தேவதைகளும் கடல்கன்னிகளும் வோடூ தெய்வங்களும் லியோத்தோவின் பட்டறையில் பிறந்தன. அவரைப் பார்த்து அந்த ஊரே பட்டறை ஊராகிவிட்டது. செர்ஜ் ஜோலிமோ, கப்ரியேல் பியன்-எமே என்று அடுத்தடுத்த தலைமுறைகள் வந்தன.

மூலப்பொருள் என்ன தெரியுமா? கப்பலில் எண்ணெய் வந்து இறங்கிய பழைய தகர டிரம். மேல்மூடியையும் அடிமூடியையும் வெட்டி எடுப்பார்கள். உள்ளே காய்ந்த வாழைச்சருகையோ வைக்கோலையோ திணித்துத் தீ வைப்பார்கள். ஒட்டியிருக்கும் எண்ணெயும் பெயிண்டும் எரிந்துபோகும். பக்கவாட்டில் நெடுக வெட்டி, ஏறி மிதித்து, சுத்தியலால் அடித்துத் தட்டையாக்குவார்கள். சாக்பீஸால் உருவம் வரைவார்கள். பிறகு உளியும் சுத்தியலும்தான். துளைகள் இட்டு, விளிம்பை அரத்தால் தேய்த்து, துருப்பிடிக்காமல் வார்னிஷ் பூசுவார்கள்.

ஆக, மாணவரே, உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது ஒரு காலத்தில் எண்ணெய் டிரம். அந்தக் கடல்கன்னியின் பெயர் லா சிரேன், கடலுக்கு அடியில் இருக்கும் தெய்வம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவர்களின் சந்ததிக்குக் கடல் என்றால் என்ன பொருள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

2010 ஜனவரி 12 மாலையில் வந்த நிலநடுக்கம் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிட்டார்கள். தலைநகரின் ஹோலி டிரினிட்டி ஆங்கிலிக்கப் பேராலயமும் இடிந்தது. 1950, 1951இல் ஹைட்டி ஓவியர்கள் அதன் சுவர்களில் பைபிள் காட்சிகளை 14 பெரிய ஓவியங்களாகத் தீட்டியிருந்தார்கள். இயேசுவும் மாதாவும் சீடர்களும் ஹைட்டி மக்களின் நிறத்தில், ஹைட்டி மலைகளுக்கு நடுவே. வில்சன் பிகோ வரைந்த கானாவூர்க் கல்யாணத்தில் முரசு அடிப்பவர்கள் இருந்தார்கள். எந்த முரசுகளைப் பத்து ஆண்டுகளுக்கு முன் எரித்தார்களோ, அவை கோயில் சுவரில் ஒலித்தன! அந்தக் கல்யாணம் நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போனது. 14இல் தப்பியவை மூன்றுதான்: ஒபேனின் இறுதி இராவுணவு, கஸ்தெரா பாஸிலின் திருமுழுக்கு, பிரெஃபெத் துஃபோவின் தெரு ஊர்வலம். ஹைட்டிப் பணியாளர்களும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவன வல்லுநர்களும் சேர்ந்து அவற்றைச் சுவரிலிருந்து பத்திரமாகப் பெயர்த்தெடுத்தார்கள். கலை மையத்தின் கட்டடமும் சரிந்தது. அங்கே இடிபாட்டுக்குள்ளிருந்து ஆயிரக்கணக்கான படைப்புகளை மீட்டார்கள்.

மனிதர்கள் சாகும்போது ஓவியத்தைத் தேடுவதா என்று அப்போது சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வீடு இடிந்தவர்கள் சாமான்களுக்கு முன்னால் கல்யாண போட்டோவைத் தேடுவதைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும்.

பெண்களைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. மிர்லாந்த் கொன்ஸ்தான் 1968இல் பிறந்தவர். தாயோடு சேர்ந்து கல்யாண கவுன் தைக்கும் ஆலையில் மணி கோத்து எம்பிராய்டரி போட்டவர். வோடூ கோயில் கொடிகளைச் செய்யும் வேலை அதுவரை பெரும்பாலும் ஆண்கள் கையில், ஜிகினாப் பொட்டு வைத்துத் தைப்பதாக இருந்தது. ஆலையில் கற்ற மணி வேலையை அவர் அதற்குள் கொண்டுவந்தார். சுவரளவு துணியில் ஆயிரக்கணக்கான மணிகளால் தெய்வங்களையும் ஊரையும் நிலநடுக்கத்தையும் தைத்தார். 2022இல் உலகப் புகழ்பெற்ற வெனிஸ் கலைக் கண்காட்சியில் அவருடைய துணிகள் தொங்கின. அன்று கத்தரின் ஃபுளோன் எடுத்த அதே ஊசி.

இன்று ஹைட்டியின் நிலை நன்றாக இல்லை. 2021 ஜூலையில் அதிபரைச் சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் ஆயுதக் கும்பல்கள் தலைநகரின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. லட்சக்கணக்கானோர் வீடிழந்து அலைகிறார்கள். குவா-தே-பூக்கே கொல்லர்களில் பலரும் பட்டறையை விட்டு ஓட நேர்ந்தது. இடம்பெயர்ந்தவர்களில் சிலர் போன இடத்தில் உளியும் சுத்தியலும் எடுத்து மறுபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதனால்தான் இவ்வளவு எழுதினேன். ஹைட்டி என்றால் நிலநடுக்கம், கும்பல், பஞ்சம் என்று மட்டுமே நம் பிள்ளைகள் கேள்விப்படுகிறார்கள். வென்றவர்கள் எழுதிய புத்தகத்தில் ஹைட்டிக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த மக்கள் தங்கள் வரலாற்றைத் தகரத்திலும் துணியிலும் சுவரிலும் தரையில் மாவிலும் எழுதிவைத்தார்கள். வாசிக்கத் தெரிந்தால் அதுவும் பாடநூல்தான்.

மயாமியிலும் நியூயார்க்கிலும் மாண்ட்ரியலிலும் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கெல்லாம் ஹைட்டி மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விழாவில் ஒரு பொருளை வாங்கும்போது செய்தவர் பெயரைக் கேளுங்கள். தகட்டின் ஓரத்தில் உளியால் கொத்தியிருப்பார்கள், பாருங்கள். பேரம் அதிகம் பேசாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்து 1804 ஜனவரி 1 என்ன நாள் என்று சொல்லிக்கொடுங்கள்.

மாணவரே, உங்கள் தகட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். மற்றவர்களும் கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் ஆசிரியர்